ஒப்பீட்டுக் கிணறு

பைண்டர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் தீக்குச்சியைக் காட்டினால் பற்றிக்கொள்ளும் என்று தெருவில் பேசிக்கொள்வது மிகை. பைண்டரே ஒரு வாளித் தண்ணீரைப் பின்வாசலில் வைத்துக் குச்சி கிழித்துப் பார்த்திருக்கிறார். பற்றவில்லை. இரண்டாவது குச்சிக்கும் பற்றவில்லை. வாசனை மட்டும்தான். சும்மா சொல்லக் கூடாது, அது அசல் பெட்ரோல் வாசனை, கலப்படம் கிடையாது.

கிணற்றுக்குள் பெட்ரோல் எப்படி வந்தது என்று கேட்பவர்கள் தெரு முனைக்குப் போய்ப் பார்க்கலாம். அங்கே ஒரு காலத்தில் பெட்ரோல் பங்க் இருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மூடிவிட்டார்கள். பம்புகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். கூரையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். காற்றடிக்கும் இயந்திரத்தை யாரோ யாரையும் கேட்காமலே கழற்றிக்கொண்டு போனார்கள். பூமிக்கடியில் இருந்த மூன்று டாங்கிகளை மட்டும் யாரும் கழற்றவில்லை. அவை துருப்பிடித்து, வயிற்றில் மிச்சமிருந்ததைச் சொட்டுச் சொட்டாக மண்ணில் விட்டுக்கொண்டிருந்தன.

இதைக் கவனிக்க ஓர் அலுவலகம் வந்தது. நிலத்தடி நீர் மாசுக் கண்காணிப்பு அலுவலகம் என்று பெயர். ஆறு மாதத்துக்கு மட்டும் என்று சொல்லி ஒரு வாடகை அறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலியோடு ஆரம்பித்தார்கள். இப்போது மூன்று மாடி, நாற்பத்தொரு ஊழியர்கள், வாசலில் ஒரு செயற்கை நீரூற்று. பங்க் இருந்த மனையில் ஐந்து இரும்புக் குழாய்களை இறக்கி, மூடி போட்டு, மூடிக்கு ஒரு பூட்டும் போட்டிருந்தார்கள். இவற்றுக்குக் கண்காணிப்புக் கிணறுகள் என்று பெயர். மாதம் ஒருமுறை வேன் வரும். கையுறை போட்ட ஒருவர் இறங்கிப் பூட்டைத் திறப்பார். குழாயில் நிற்கிற பழைய தண்ணீரை மூன்று தடவை இறைத்துக் கொட்டினால்தான் உண்மையான தண்ணீர் வரும் என்பது விதி. அவர் கொட்டுகிற தண்ணீர் குழாயின் பக்கத்திலேயே மண்ணில் இறங்கி, மறுபடி குழாய்க்கே போய்ச் சேரும். பிறகு அவர் குப்பியில் பிடிப்பார், லேபிள் ஒட்டுவார், ஐஸ் பெட்டியில் வைப்பார், போய்விடுவார். தெருவில் அவருக்குக் குப்பிக்காரர் என்று பெயர் நிலைத்துவிட்டது.

கண்காணிப்பு என்றால் கண்காணிப்பதுதான். சுத்தம் செய்வது வேறு துறை. அந்தத் துறையை இன்னும் ஏற்படுத்தவில்லை.

பைண்டருடையது பங்க் மனையை ஒட்டிய முதல் வீடு. தெருவில் மொத்தம் எட்டு வீடுகள், எட்டிலும் கிணறு. குழாய் இணைப்பு கிடையாது. எல்லோருமாகக் கையெழுத்துப் போட்டுக் கேட்டதற்கு, உங்கள் பகுதியில் நிலத்தடி நீர் மிக நன்றாக இருப்பதாகக் கண்காணிப்பு அலுவலகத்தின் அறிக்கை தெரிவிக்கிறது என்று பதில் வந்தது. குடிக்கவும் சமைக்கவும் பைண்டர் சைக்கிளில் இரண்டு கேன்களைக் கட்டிக்கொண்டு நாலு தெரு தள்ளிப் போய்ப் பிடித்து வருவார். குளிக்க, துவைக்க, பசை கிண்ட எல்லாவற்றுக்கும் கிணறுதான்.

வீட்டின் முன்னறைதான் அவருடைய பட்டறை. மைதாவும், பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தமும் போட்டுக் கிண்டிய பசைச் சட்டி, நூல்கண்டு, ஊசிகள், அட்டை வெட்டும் கத்தி, காலிகோ துணிச் சுருள்கள், தைத்த புத்தகங்களை இறுக்கி வைக்கும் மரப்பலகை. பள்ளிக்கூடப் பதிவேடுகளும் வக்கீல்களின் கட்டுகளும் அங்கே வந்து உருப்பட்டுப் போகும். இருபத்தைந்து வருஷத்தில் பைண்டர் ஆயிரக்கணக்கான புத்தகங்களைத் தைத்திருக்கிறார், ஒன்றையும் படித்ததில்லை. பக்க எண் வரிசையாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். அதற்கு மேல் படித்தால் வேலை ஓடாது.

கல்யாணமாகிப் பதின்மூன்றாவது வருஷம் அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. எட்டாவது மாதம் குழந்தையின் முதுகிலும் தொடை இடுக்கிலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்தது. டாக்டரம்மா குழந்தையின் முதுகைப் பார்த்தார், சட்டையைக் கழற்றி முகர்ந்தார், இதை எதில் துவைக்கிறீர்கள் என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் மருந்து எதுவும் எழுதாமல், சீட்டில் "தண்ணீரை மாற்றவும்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை எந்தக் கடையில் நீட்டுவது என்று பைண்டருக்குத் தெரியவில்லை.

மனைவிக்குத் தெரிந்தது. ஒரு பையில் துணிகளை அடுக்கினாள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய தன் அக்கா வீட்டுக்குக் குழந்தையோடு கிளம்பினாள்.

"உங்க மேல கோவம் இல்லைங்க," என்றாள். "ஆனா அவ முதுகை என்னால பாக்க முடியல. என்னிக்கு இந்த வீட்டுல அவளை நல்ல தண்ணியில குளிப்பாட்ட முடியுமோ, அன்னிக்கு ஒரு போன் பண்ணுங்க. வந்துடறேன்."

பைண்டர் அன்று முழுக்க ஊசியில் நூல் கோக்கவில்லை. பதின்மூன்று வருஷம் அந்த வீடு அமைதியாக இருந்தபோது அமைதி அவருக்குப் பழகியிருந்தது. எட்டு மாதத்தில் அந்தப் பழக்கம் போய்விட்டது. அழுகைச் சத்தம் இல்லாமல் வேலை செய்ய இனி வராது என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று.

மறுநாள் காலை ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு கண்காணிப்பு அலுவலகத்துக்குப் போனார். ஜன்னலில் இருந்தவர் பாட்டிலைக் கையில் வாங்கவே இல்லை. எங்கள் குப்பியில் பிடித்தால்தான் பரிசோதிக்க முடியும் என்றார். சரி, ஒரு குப்பி கொடுங்கள் என்றார் பைண்டர். குப்பி எங்கள் கிணறுகளுக்கு மட்டும்தான். அப்படியானால் என் கிணற்றையும் உங்கள் கிணறாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு விண்ணப்பம் இருக்கிறது. விண்ணப்பத்தோடு, தண்ணீர் கெட்டிருக்கிறது என்பதற்கான எங்கள் பரிசோதனை முடிவை இணைக்க வேண்டும்.

பைண்டர் யோசித்துக்கொண்டே பாட்டிலைத் திறந்து காட்டினார். வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றவர் சிகரெட்டை அணைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். ஜன்னல்காரர் மட்டும் அசையவில்லை. "நீங்க நம்ம பைண்டர்தானே? ஆண்டறிக்கை அச்சாகி வந்திருக்கு. வந்தது வந்தீங்க, எடுத்துட்டுப் போயிடுங்க," என்று எண்ணூறு பக்கக் காகிதக் கட்டைத் தள்ளினார்.

ஆண்டறிக்கை பெரிய இடங்களுக்கெல்லாம் கணினி வழியாகப் போய்விடும். பதிவறைக்கு மட்டும் ஒரே ஒரு பிரதி அச்சடித்து, தைத்து, காலிகோ போட்டு வைப்பார்கள். அலுவலகம் தொடங்கிய நாளிலிருந்து அதைத் தைத்துக் கொடுப்பவர் பைண்டர்தான்.

மனைவியும் குழந்தையும் இருக்கிற வீட்டில் ஆண்டறிக்கையைப் படிக்க யாருக்கும் தோன்றாது. இது வெறும் வீடு. பக்க எண் சரிபார்த்துக்கொண்டே வந்த பைண்டர், இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் பரிச்சயமான ஒரு கதவு எண்ணைப் பார்த்தார். தன் வீட்டுக் கதவு எண். மேலே எழுதியிருந்தது: "ஒப்பீட்டுக் கிணறு. மாசு சிறிதும் அற்றது எனத் தேர்ந்தெடுக்கப்பட்ட கிணறு. ஏனைய கிணறுகளின் நிலை இதனோடு ஒப்பிட்டே கணிக்கப்படும். சுவை: நன்று."

சுவையைப் படித்ததும் அவருக்கு ஞாபகம் வந்தது. பங்கை மூடிய வருஷம், நல்ல வெயிலில், தொப்பி போட்ட ஓர் இன்ஜினியர் வாசலில் வந்து நின்று தண்ணீர் கேட்டார். மனைவி அப்போது புதுப்பெண். ஒரு செம்பு கொடுத்தாள். இன்னொன்று கேட்டார், அதையும் கொடுத்தாள். நன்றாக இருக்கிறதம்மா என்று சொல்லிவிட்டு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போனார். அப்போது டாங்கிகள் ஓட்டையாகியிருக்கவில்லை. அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒருமுறை குப்பிக்காரர் வந்து கிணற்றிலிருந்து ஒரு குப்பி எடுத்துப் போவார். வேனின் ரேடியேட்டருக்கு என்று பைண்டர் நினைத்திருந்தார்.

அந்த ஒற்றைப் பக்கத்தை மடிக்காமல் எடுத்துக்கொண்டு மறுபடி போனார். ஜன்னல்காரர் பக்கத்தைப் படித்தார், பைண்டரின் முகத்தைப் பார்த்தார், எழுந்து உள்ளே ஓடினார். இரண்டு நிமிஷத்தில் பைண்டர் கண்காணிப்பு அதிகாரியின் அறையில் குஷன் நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டார். அதிகாரி எழுந்து நின்று கை குலுக்கினார். மூன்று மாடியிலிருந்தும் ஊழியர்கள் இறங்கி வந்து ஒப்பீட்டுக் கிணற்றின் சொந்தக்காரரைக் கதவோரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் அவர் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

"பன்னெண்டு வருஷமா உங்க கிணத்தை வச்சுத்தான் இந்த ஆபீஸே நடக்குது," என்றார் அதிகாரி. "ஆனா ஒரு தடவகூட உங்களைக் கூப்பிட்டு மரியாதை பண்ணல. தப்பு எங்க மேலதான்."

"சார், அந்தக் கிணத்துலதான் பெட்ரோல் வாசனை வருது," என்றார் பைண்டர். "குழந்தைக்கு உடம்பெல்லாம் தடிப்பு. என் வீட்டுக்காரி அவளைத் தூக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிட்டா."

அதிகாரி புன்னகை செய்தார். கணக்கு வராத பிள்ளையைப் பார்த்து வாத்தியார் செய்கிற புன்னகை அது.

"வாசனை வருதுன்னு உங்களுக்குத் தோணலாம். ஆனா ஒரு கிணறு கெட்டுருக்குன்னு நாங்க சொல்லணும்னா, அதை ஒரு நல்ல கிணத்தோட ஒப்பிட்டுப் பாக்கணும். நல்ல கிணறு எது? உங்களோடது. உங்க கிணத்தை உங்க கிணத்தோடயே ஒப்பிட்டா எவ்வளவு வித்தியாசம் வரும்? நீங்களே சொல்லுங்க."

"ஒண்ணும் வராது சார்."

"அவ்வளவுதான். பூஜ்யம்."

சுவரில் ஒரு வரைபடம் மாட்டியிருந்தது. மேலே இருந்து ஒரு சிவப்புக் கோடு வருஷா வருஷம் இறங்கி வந்து, பூஜ்யத்தைத் தொட்டு, அங்கேயும் நிற்காமல் கீழே போயிருந்தது. பங்க் மனையின் மாசு அளவு அது. நாலு வருஷமாகப் பூஜ்யத்துக்கும் கீழே இருக்கிறது என்றும், சுத்தத்தையும் தாண்டிய சுத்தம் என்றும், இப்படி ஒரு முன்னேற்றம் வேறெங்கும் ஏற்பட்டதில்லை என்பதால் தமக்கு ஒரு கேடயம் கிடைத்தது என்றும் அதிகாரி விளக்கினார். கேடயத்தையும் காட்டினார்.

பைண்டர் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். படிப்பு குறைவென்றாலும் அட்டையை அளந்து வெட்டிப் பழகிய கண். "அப்படின்னா சார், பங்க் தண்ணியவிட என் கிணத்துத் தண்ணி மோசம்னுதானே அர்த்தம்?" என்றார்.

அதிகாரி கேடயத்தைச் சுவரில் நேராக்கி மாட்டினார்.

"நீங்க தலைகீழா பாக்கறீங்க," என்றார் அதிகாரி. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, மனம் விட்டே பேசினார். "உங்க கஷ்டம் புரியாம இல்ல. எனக்கும் குழந்தைங்க இருக்கு. ஆனா ஒப்பீட்டுக் கிணத்தை மாத்தினா பன்னெண்டு வருஷ அறிக்கையும் தப்புன்னு ஆயிடும். ஒன்பதாயிரத்துச் சொச்சம் பக்கம். ஒரு குழந்தையோட முதுகுக்காக ஒன்பதாயிரம் பக்கத்தைத் திருத்த முடியுமா? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

ஒரே ஒரு விஷயத்தில் அதிகாரிக்கு உறுத்தல் இருந்தது. சுவை என்ற கட்டத்தில் அந்த முதல் இன்ஜினியருக்குப் பிறகு யாரும் குடித்துப் பார்க்காமலே வருஷா வருஷம் "நன்று" என்று பார்த்து எழுதியிருந்தார்கள். வாய்மொழியாகவென்றாலும் ஒரு புகார் வந்துவிட்டதால் சுவையை நேரில் உறுதி செய்துவிடுவது நல்லது. உடனே ஒரு குழு அமைக்கப்பட்டது.

அடுத்த வாரம் இரண்டு காரும் வேனும் வந்து நின்றன. குழுவில் அதிகாரி, உதவி அதிகாரி, பரிசோதனைக்கூடத் தலைவர் மூவரும் இருந்தார்கள். குப்பிக்காரர் தண்ணீர் சேந்தினார். பைண்டர் வீட்டுக் கண்ணாடி டம்ளர் ஒன்றில் அது ஊற்றப்பட்டது. மேலே மெல்லிய படலம் ஒன்று நீலமும் ஊதாவுமாக மின்னியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அதிகாரிக்கு முந்தின நாள்தான் பல் பிடுங்கியிருந்தார்கள். டம்ளரை உதவி அதிகாரியிடம் கொடுத்தார். உதவி அதிகாரி, சுவை என்பது விஞ்ஞானம் சம்பந்தப்பட்டது என்று பரிசோதனைக்கூடத் தலைவரிடம் கொடுத்தார். தலைவர், தானே குடித்துவிட்டால் பிறகு தன் கூடம் தரும் முடிவில் தன் நாக்கின் அபிப்பிராயம் கலந்துவிடும் என்று குப்பிக்காரரிடம் கொடுத்தார். குப்பிக்காரர் தான் ஒப்பந்த ஊழியர் என்றும், ஒப்பந்தத்தில் கைகளைப் பற்றி மட்டுமே எழுதியிருப்பதாகவும் சொன்னார். கடைசியில் டம்ளர் வேன் டிரைவரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் அதை வாங்கிக்கொண்டு வேனின் முன்பக்கம் போனார். போனட் திறந்து மூடும் சத்தம் கேட்டது. காலி டம்ளரோடு திரும்பி வந்தார்.

"எப்படி இருந்தது?" என்று கேட்டார் அதிகாரி.

"நல்லா ஏத்துக்கிச்சு சார்," என்றார் டிரைவர்.

கட்டத்தில் "நன்று" என்று எழுதி மூன்று பேரும் கையெழுத்திட்டார்கள். எல்லோரும் காரில் ஏறிய பிறகு குப்பிக்காரர் மட்டும் பின்தங்கினார்.

"அண்ணே, எனக்குத் தெரியும்," என்றார். "அஞ்சாறு வருஷமா ஒவ்வொரு தடவையும் மூக்குல ஏறுது. படிவத்துல சுவைக்குக் கட்டம் இருக்கு, நிறத்துக்கு இருக்கு, சூட்டுக்கு இருக்கு. மூக்குக்குக் கட்டம் இல்ல. நான் எங்கன்னு எழுதறது?"

பைண்டர் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளே போய், பசைச் சட்டியை அடுப்பில் ஏற்றி, எப்போதும் போலக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, எண்ணூறு பக்கத்தையும் தைத்து ஒட்டினார். மற்ற பதினொரு தொகுதிகளை ஒட்டியதும் அதே கிணற்றுத் தண்ணீரில்தான். நாலு நாளில் பன்னிரண்டாவது தொகுதி பதிவறைக்குப் போய்ச் சேர்ந்தது.

பதிவறை மூன்றாவது மாடியில் இருந்தது. காகிதம் பறக்கும் என்று ஜன்னல்களை ஆணியடித்து மூடியிருந்தார்கள். அங்கே தனியாக உட்கார்ந்திருக்கும் பதிவறைக்காரம்மாவுக்கு, புதுத் தொகுதி வந்த மூன்றாம் நாள் தலைவலி. ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு அவர் வாந்தி எடுத்தார். அறையில் பெட்ரோல் வாசனை வருகிறது என்றார்.

பத்தேகாலுக்குக் கட்டடம் காலியாகிவிட்டது. பத்தரைக்குத் தீயணைப்பு வண்டி வந்தது. பதினோரு மணிக்கு ஒரு டாக்டர் வந்து நாற்பத்தொரு பேரின் முதுகையும் பார்த்தார். பன்னிரண்டு மணிக்கு எல்லோருக்கும் சீல் வைத்த பாட்டிலில் தண்ணீர் வந்தது. பதிவறைக்காரம்மாவிடம் யாரும் விண்ணப்பம் கேட்கவில்லை. வாந்தியோடு பரிசோதனை முடிவை இணைக்க வேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை.

தீயணைப்பு அதிகாரி அறை அறையாக முகர்ந்துகொண்டே போய், பன்னிரண்டு ஆண்டறிக்கைகளின் முன்னால் நின்றார். வாசனை இவற்றின் முதுகிலிருந்துதான் வருகிறது என்றார். பைண்டரை வேன் அனுப்பி அழைத்து வந்தார்கள்.

"சார், அது என் பசை," என்றார் பைண்டர். "பசையில என் கிணத்துத் தண்ணி. இதைத்தான் நான் அன்னிக்கே சொன்னேன்."

"உங்க கிணறு பூஜ்யம்," என்றார் கண்காணிப்பு அதிகாரி. "பூஜ்யத்துல இருந்து எப்படி வாசனை வரும்?"

வாசனைக்கு வேறு காரணம் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மாலைக்குள் கண்டுபிடித்தார்கள். பெட்ரோலைப் பற்றிய பன்னிரண்டு வருஷத் தகவல்கள் காற்றோட்டமில்லாத ஒரே அறையில் குவிந்ததால் ஏற்பட்ட தகவல் செறிவு என்று இரண்டு பக்கத்துக்குக் குறிப்பு எழுதப்பட்டது. தீயணைப்பு அதிகாரி அதைப் படித்துப் பார்த்துவிட்டு, காரணம் எதுவானாலும் எனக்குக் கவலையில்லை என்று தன் நிபந்தனைகளை எழுதிக் கொடுத்தார். ஊழியர்கள் வேலை செய்யும் கட்டடத்தில் இந்தத் தொகுதிகள் இருக்கக் கூடாது. எங்கே வைத்தாலும் பக்கத்தில் ஆயிரம் லிட்டர் சுத்தமான தண்ணீர் தொட்டியில் இருக்க வேண்டும். அது வெளியூரிலிருந்து லாரியில் வர வேண்டும். இரண்டு நாளைக்கு ஒருமுறை பழையதை அப்புறப்படுத்திவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். இனி வரப்போகும் தொகுதிகளை ஒரு கூரைக்குக் கீழ் ஒன்றுக்கு மேல் வைக்கக் கூடாது.

எங்கே வைப்பது என்பதில் குழப்பமே இல்லை. ஆவணங்களின்படி மாசு சிறிதும் இல்லாத இடம் என்று ஒன்றுதான் இருந்தது. பன்னிரண்டு தொகுதிகளும் வேனில் ஏறிப் பைண்டர் வீட்டு உள்ளறைக்கு வந்தன. பின்னாலேயே ஒரு கறுப்புத் தொட்டி வந்தது. அதன் பின்னால் தண்ணீர் லாரி வந்தது.

லாரி போன பிறகு பைண்டர் தொட்டியின் மூடியைத் திறந்தார். கையை முழங்கை வரை விட்டு எடுத்து முகர்ந்தார். ஒன்றும் இல்லை. ஒரு வாசனையும் இல்லாத தண்ணீரை அந்த வீட்டுப் பின்வாசலில் பார்த்து எத்தனை வருஷமாயிற்று என்று நினைத்துக்கொண்டே இன்னொரு தடவை முகர்ந்தார். ஈரக் கையோடேயே போன் செய்தார்.

மறுநாள் மனைவி வந்து இறங்கினாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"இது யாருக்கு வந்த தண்ணி?"

"அறிக்கைக்கு."

"அறிக்கை குளிக்குமா?"

"இல்ல. பத்திக்கிட்டா அணைக்கறதுக்கு. ரெண்டு நாளைக்கு ஒருதரம் பழைய தண்ணிய அப்புறப்படுத்தணும்னு உத்தரவு."

"அப்ப அப்புறப்படுத்திடுவோம்," என்று குழந்தையின் சட்டையைக் கழற்றினாள்.

மூன்று வாரத்தில் குழந்தையின் முதுகு பழையபடி ஆயிற்று. லாரிக்காரர் கொடுத்த நோட்டில் "அப்புறப்படுத்தப்பட்டது" என்று பைண்டர் ஒருநாள் விட்டு ஒருநாள் கையெழுத்திட்டார். மிச்சமானதை மனைவி தெருவில் வீட்டுக்கு இரண்டு குடம் கொடுத்தாள். இரண்டு குடம் எந்த மூலைக்கு? மூன்றாம் வீட்டு நர்ஸம்மாவின் கைகளும் வெடித்திருந்தன. கடைசி வீட்டு ஆட்டோ டிரைவரின் இரட்டைப் பிள்ளைகளுக்குத் தலையெல்லாம் செதிலாக உதிர்ந்தது. எங்கள் வீட்டிலும் ஓர் அறிக்கையை வைத்துக்கொள்ள முடியுமா என்று அந்த ஆட்டோ டிரைவர் கூச்சத்தோடு கேட்டார்.

ஒரு வருஷம் போனது. புது ஆண்டறிக்கைக் கட்டோடு ஒரு கடிதமும் வந்தது. தொகுதிகளின் வாசனையை அடுத்த மாதம் குழு நேரில் ஆய்வு செய்யும். வாசனை நீங்கியிருந்தால் அவை பதிவறைக்குத் திருப்பி எடுத்துச் செல்லப்படும். தொட்டியும் லாரியும் நிறுத்தப்படும்.

பைண்டர் உள்ளறைக்குப் போய் முகர்ந்து பார்த்தார். ஜன்னல் திறந்திருந்த வீட்டில் ஒரு வருஷக் காற்று பட்டுப் பன்னிரண்டு தொகுதிகளும் ஏறக்குறைய வெறும் காகித வாசனைக்கு வந்திருந்தன. மனைவியிடம் அவர் எதையும் சொல்லவில்லை. முன்னறைக்கு வந்து, வேறு செய்யத் தெரியாமல், பசைச் சட்டியில் தொட்டித் தண்ணீரைச் சாய்க்கப் போனார். நல்ல தண்ணீர் வந்ததிலிருந்து பசையும் அதில்தான். கடிதத்தை மேஜையிலிருந்து எடுத்துப் படித்திருந்த மனைவி வந்து சட்டியின் மேல் கையை வைத்தாள்.

"அதுல வேணாம்," என்றாள். "பசைக்குக் கிணத்துத் தண்ணி. குழந்தைக்குத் தொட்டித் தண்ணி. பசைக்கு அந்தச் சிவப்பு வாளிய வச்சுக்கங்க. மாறிடக் கூடாது."

பைண்டர் நின்று யோசித்தார். பிறகு சட்டை மாட்டிக்கொண்டு கண்காணிப்பு அலுவலகத்துக்குப் போனார்.

"சார், இந்த வருஷம் எண்ணூத்தம்பது பக்கம்," என்றார் அதிகாரியிடம். "ஒரே தொகுதியா தைச்சா முதுகு தாங்காது. ஏழா பிரிச்சாத்தான் நிக்கும்."

ஆயிரத்து இருநூறு பக்கத்தை ஒரே முதுகில் தைத்தவர் அவர். இருபத்தைந்து வருஷத்தில் ஒரு புத்தகத்தின் முதுகைப் பற்றி அவர் பொய் சொன்னதில்லை. சொல்லிவிட்டுக் கூசிப்போய்த் தரையைப் பார்த்தார். ஏன் ஏழு என்று அதிகாரி கேட்பாரோ என்றும் பயமாக இருந்தது. தெருவில் மிச்சம் ஏழு வீடுகள் இருக்கின்றன என்பதைத் தவிர அவரிடம் வேறு காரணம் இல்லை.

அதிகாரி கேட்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "போன வருஷம் ஒரு தொகுதி, இந்த வருஷம் ஏழு," என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். அவர் கண் சுவரில் இருந்த கேடயத்துக்குப் போய், அதன் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் நின்றது. தீயணைப்பு நிபந்தனைப்படி ஒரு கூரைக்கு ஒன்றாக, ஏழையும் தெருவின் மற்ற ஏழு வீடுகளில் வைக்க அன்றே உத்தரவாயிற்று.

பசை கிண்டும் நாளில் ஏழு வீட்டிலிருந்தும் ஆளுக்கொரு குடம் சொந்தக் கிணற்றுத் தண்ணீர் வந்தது. எந்த வீட்டுக்கான தொகுதியோ அந்த வீட்டுத் தண்ணீரிலேயே பைண்டர் பசை காய்ச்சினார். அவருடைய பழைய பன்னிரண்டு தொகுதிகளுக்கும் முதுகில் புதுக் காலிகோ ஒட்டினார். சிவப்பு வாளியிலிருந்து தாராளமாகவே ஊற்றினார். காயவைத்த இரண்டு நாளும் குழந்தையை நர்ஸம்மா வீட்டில் விட்டிருந்தார்கள்.

குழு வந்தது. இந்தத் தடவை படிவத்தில் மூக்குக்குக் கட்டம் இருந்தது. அறிக்கைகளுக்கான படிவம் அது. கிணற்றுக்கான படிவம் பழையபடியே இருந்தது. குப்பிக்காரர் அந்தக் கட்டத்தைப் பைண்டருக்குக் காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதிகாரி ஒவ்வொரு தொகுதியாகக் குனிந்து முகர்ந்தார். நாலாவது தொகுதியில் அவருக்குக் கண்ணில் நீர் வந்தது. ஏழாவதில் இருமினார். பதின்மூன்றாவது வருஷத்து அந்த ஏழு தொகுதிகளும், பங்க் மனையின் தண்ணீர் இதுவரை இருந்ததிலேயே மிகச் சுத்தமாக இருப்பதாகச் சொல்லின. அதைச் சொன்னபடியே அவை தெரு முழுக்க மணத்தன.

"ரொம்ப கவலைக்கிடமா இருக்கு," என்றார் அதிகாரி கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "பாவம், அறிக்கைங்க. குறைஞ்சது இன்னும் பத்து வருஷமாவது பாதுகாப்பு கொடுக்கணும்."

மறுநாளே ஏழு கறுப்புத் தொட்டிகள் வந்து ஏழு வீட்டிலும் இறங்கின. இரட்டைப் பிள்ளைகள் தங்கள் வீட்டுத் தொட்டியைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் பைண்டரின் மனைவி குழந்தையைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக் குளிப்பாட்டினாள். குழந்தை இரண்டு கையாலும் வாளியை அடித்துச் சிரித்தது. அதற்கு இன்னும் இரண்டு வயது ஆகவில்லை.

"பத்து வருஷம் போதுமாங்க?" என்று கேட்டாள்.

"அடுத்த வருஷம் பசையை இன்னும் கொஞ்சம் கெட்டியா கிண்டறேன்," என்றார் பைண்டர்.